மீசையை அடமானம் வச்ச மருதப்பன்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல போயி "கல்லு மருதப்பன் வீடு எங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. பிளாக் நம்பரைச் சொல்றதுக்கு முன்னாடியே, ரெண்டு கையையும் மூக்குக்குக் கீழ வச்சு காது வரைக்கும் இழுத்துக் காட்டி, "இவர்தானே?"ன்னு கேப்பாங்க. அப்படி ஒரு மீசை. லிஃப்ட்ல அவரு ஏறினா மீசைக்குத் தனியா எடம் விட்டு நிக்கணும். மலேசியாவுக்குப் போற காஸ்வே பாலத்துல ஜாம்னா, மருதப்பன் ஜொகூர் பக்கமாத் தலையைத் திருப்பிட்டாருன்னு அவரு கூட்டாளிங்க சொல்லிக்குவாங்க.

அம்பதைத் தாண்டி நல்லாவே உள்ள போயிட்ட ஆளு. வேலை என்னன்னா, சமையல்கட்டு மேடைக்குக் கல்லு போடுறது. வீடு வீடாப் போயி அளவெடுப்பாரு, பட்டறையில அறுக்கச் சொல்லுவாரு, லாரியில கொண்டாந்து பொருத்துவாரு. பின்னாடி சுவரை ஒட்டி நிக்கிற பேக்ஸ்பிளாஷ் கல்லும் அவரு கைதான். சிங்கப்பூர்ல பாதிப் பேரு தன் கல்லு மேலதான் வெங்காயம் நறுக்குறாங்கன்னு அவரு நெனப்பு. மீதிப் பாதிப் பேரு ஹாக்கர் சென்டர்ல சாப்பிடுறாங்களாம், அதனால அவங்க கணக்குல வரமாட்டாங்களாம்.

அளவெடுக்கப் போனா மனுஷன் வாய் சும்மா இருக்காது. போன மாசம் தெம்பனிஸ்ல ஒரு அம்மா, பால் மாதிரி வெள்ளைக் கல்லுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க.

"அம்மா, வீட்டுல மீன் குழம்பு வைப்பீங்களா?"

"வாராவாரம் வைப்பேன்."

"அப்ப வெள்ளை வேணாம்மா. ரெண்டாவது வாரமே கல்லுக்கு மஞ்சக்காமாலை வந்துரும். அப்புறம் நீங்க எனக்கு ஃபோன் போடுவீங்க, நான் கீழாநெல்லி எடுத்துக்கிட்டு வரணும்."

அந்த அம்மாவும் லேசுப்பட்டவங்க இல்ல. "மீசைக்கு வாராவாரம் டை அடிக்கிறீங்களே, உதட்டுல கறை புடிக்கலையா?"ன்னு கேட்டுட்டாங்க. மருதப்பன் அன்னைக்கு வெள்ளைக் கல்லுக்கே அளவெடுத்துட்டு வாயைத் தொறக்காம வந்தாரு.

வாய் எப்படி இருந்தாலும் கை சுத்தம். மெல்லிசான பிளைவுட் பட்டைகளை மேடை மேல சுவரோட ஒட்டினாப்பல வச்சு, பசை போட்டு ஒண்ணோட ஒண்ணு சேத்துருவாரு. சுவரு எங்க வளையுதோ அங்க பட்டையைச் சீவுவாரு. கடைசியில ஈர்க்குச்சியில கட்டின பட்டம் மாதிரி ஒரு சட்டம் வரும். டெம்ப்ளேட்டுன்னு சொல்லுவாங்க. அதைக் கல்லு மேல வச்சு அப்படியே அறுத்தா, அந்தச் சுவருக்கு அந்தக் கல்லு.

"எந்தச் சுவரும் நேரா நிக்காது. போட்டோவுக்கு வயித்தை இழுத்துப் புடிச்சு நிக்கிற மாமா மாதிரி. போட்டோக்காரன் திரும்பினதும் தொப்பை வெளிய வந்துரும்"பாரு. "ஒரு வீட்டுக் கல்லு இன்னொரு வீட்டுக்கு ஒக்காரவே ஒக்காராது" – இது அவரு நாளுக்கு நாப்பது தடவை சொல்ற வசனம்.

டெம்ப்ளேட்டுல ஒரே ஒரு தொல்லை. கல்லுக்கு ஒரு பக்கம்தான் பளபளப்பு. டெம்ப்ளேட்டைத் தலைகீழாத் திருப்பி வச்சு அறுத்தா, வலது எடதா வந்துரும், கல்லு பாழு. அதனால எது மேல்பக்கம்னு அடையாளம் வேணும். மத்த பட்டறையில எழுதி வைப்பாங்க. இங்க எழுதினா வம்பு. மருதப்பனுக்குச் சீனம் வராது, கல்லு அறுக்குற ஆ ஹுவாட்டுக்குத் தமிழ் படிக்க வராது, இங்கிலீஷ் ரெண்டு பேருக்குமே கையெழுத்து போடுற அளவுக்குத்தான். அதனால மருதப்பன் ஒரு வழி கண்டுபுடிச்சாரு. தேக்கா கோயில்ல வாங்கின குங்குமத்தை டப்பாவுல போட்டு டூல்பாக்ஸ்ல வச்சிருப்பாரு. மேல்பக்கத்துல ஒரு பொட்டு. பொட்டு வானத்தைப் பாக்கணும், அவ்வளவுதான் சட்டம். ஹுவாட்டும் நாளாவட்டத்துல பொட்டைப் பாத்ததும் ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் மெஷினைத் தட்டுவான். இதுவரைக்கும் ஒரு கல்லு கூடத் தப்பா வந்ததில்ல.

இப்ப பந்தயத்துக்கு வருவோம்.

மருதப்பனுக்கு ஒரே பொண்ணு, தாரணி. கட்டிக்கிட்ட பையன் சஞ்சீவன், யாழ்ப்பாணத்துக் குடும்பம். பையனோட அப்பா அந்தோனிப்பிள்ளை, ஆபீஸ்ல கிராணியா, அதான் கிளார்க்கா, இருந்து ரிட்டையர் ஆனவரு. ஒல்லியான ஆளு, சட்டைப் பையில எப்பவும் ஒரு பேனா, ஒரு சீப்பு, ஒரு பஸ் கார்டு. தலையில இருக்குறது நாலு முடி, அதை எதுக்குச் சீவுறாருன்னு மருதப்பன் கேக்காத நாள் இல்ல. ஆனா அவரும் சளைச்சவரு இல்ல. சம்பந்தி ரெண்டு பேரும் சேந்தா, பக்கத்து மேசைக்காரங்க சாப்பாட்டை மறந்துட்டு இவங்களைத்தான் பாப்பாங்க.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு குடும்பமும் தேக்காவுல வாழையெலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்தாங்க. தாரணிக்கும் சஞ்சீவனுக்கும் செங்காங்ல புது பிளாட்டு சாவி கெடச்ச சந்தோஷம். வர்ற வெள்ளிக்கிழமை பால் காய்ச்சலாம்னு மருதப்பன் சம்சாரம் பாக்கியலட்சுமி நாள் பாத்து வச்சிருந்தாங்க. கேபினட் வேலை முடிஞ்சுது, மேடைக்குக் கல்லு மட்டும்தான் பாக்கி.

சாப்பிட்டு முடிச்சு கை கழுவிட்டு வந்த மருதப்பன், கல்லாப்பெட்டி வச்சிருந்த மேடையைத் தட்டிக் காட்டினாரு. "பாத்தீங்களா சம்பந்தி? நான் போட்ட கல்லு. சுவரோட பொறந்தது மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். காத்து கூட உள்ள போகணும்னா என்கிட்ட கேட்டுட்டுத்தான் போகணும்."

அந்தோனிப்பிள்ளை கண்ணாடியைச் சரிபண்ணிக்கிட்டாரு. குனிஞ்சு பாத்தாரு. பையிலேருந்து பஸ் கார்டை எடுத்து, கல்லுக்கும் சுவருக்கும் நடுவுல வச்சு மெதுவா அழுத்தினாரு. கார்டு உள்ள போயி சௌகரியமா நின்னுக்கிச்சு.

"சம்பந்தி, காத்து உங்களட்டக் கேக்கேல்லப் போல கிடக்கு. என்ர கார்டும் கேக்கேல்ல."

கடைக்காரரு சிரிச்சாரு. பரோட்டா போடுற ஆளு சிரிச்சாரு. மருதப்பனோட சொந்த சம்சாரமே முந்தானையை வாயில வச்சுக்கிட்டாங்க. மருதப்பன் மீசை ரெண்டு பக்கமும் துடிச்சுது.

"அது இடுக்குல பூசின சிலிக்கான் உரிஞ்சு போச்சு சம்பந்தி! வருஷம் எத்தனை ஆச்சு!"

"அப்ப ஒட்டினது கல்லு இல்ல, பசையோ?"

இதுதான் வெனையாப் போச்சு. இந்தத் தொழில்ல சிலிக்கானு லிப்ஸ்டிக் மாதிரி, எல்லாரும் பூசுவாங்க, யாரும் பேசமாட்டாங்க. மருதப்பன் மேடையில ஓங்கி ஒரு அடி அடிச்சாரு. "எம் பொண்ணு வீட்டுக்கு நானே அளவெடுக்குறேன். சிலிக்கான் பூசமாட்டேன். பேக்ஸ்பிளாஷ் வச்சு மறைக்கமாட்டேன். உங்க கார்டைக் கொண்டாங்க. எந்த எடத்துலயாவது உள்ள போச்சுன்னா, அங்கயே இந்த மீசையை எடுத்துடுறேன்!"

மோர் ஊத்திக்கிட்டு இருந்த பையன் டம்ளர் நெறஞ்சது தெரியாம ஊத்திக்கிட்டே இருந்தான்.

"கார்ட் போகேல்லையெண்டால்?"ன்னு கேட்டாரு அந்தோனிப்பிள்ளை.

"அன்னைக்கு வர்ற அத்தனை பேரு சாப்பிட்ட பாத்திரத்தையும் நீங்க கழுவணும்."

"ஓம். கழுவுறன். யோகம், நீ சாட்சி."

யோகம்னா அவரு சம்சாரம். "இவர் வீட்டில ஒரு கோப்பை கழுவினதில்ல. எனக்கு மீசைப் பக்கம்தான் வெல்லவேணும்"ன்னு அவங்க பட்டுன்னு சொல்லிட்டாங்க.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. மருதப்பன் செங்காங் வீட்டுக்குப் போயி அளவெடுத்தாரு பாருங்க, நகைக்கடையில கூட அப்படி எடுக்கமாட்டாங்க. மேடை தமிழ் எழுத்து 'ட' மாதிரி, நீளமா ஒண்ணு, மூலையில திரும்பி குட்டையா ஒண்ணு. சுவரைத் தட்டினாரு, தடவினாரு, காதை வச்சுக் கேட்டாரு. பட்டையைச் சீவிச் சீவித் தரையெல்லாம் தூளு. கடைசியில டெம்ப்ளேட்டை வச்சா, சுவருக்கும் பட்டைக்கும் நடுவுல ஒரு மூச்சு கூட போகாது. நடுவுல சின்னதா ஒரு பொட்டு வச்சாரு. கும்புட்டாரு.

ஞாயித்துக்கிழமை பட்டறை பூட்டு. டெம்ப்ளேட்டை வீட்டுக்கே கொண்டாந்தாரு. பொட்டு அழியக் கூடாதுன்னு, அந்தப் பக்கத்தைச் சுவரைப் பாத்தாப்பல வச்சு ஹால்ல சாத்திட்டு, குளிக்கப் போனாரு.

பாக்கியலட்சுமி வெளக்கேத்த வந்தாங்க. டெம்ப்ளேட்டைப் பாத்தாங்க. பொட்டு இல்ல.

"பாத்தியா இந்த மனுஷனை. ஊர்ல உள்ள அடுப்புக்கெல்லாம் பொட்டு வைக்கத் தெரியுது. பெத்த பொண்ணு வீட்டுக்கு வைக்க மறந்து போச்சு"ன்னு முனகிக்கிட்டே, பூஜைத் தட்டை எடுத்தாங்க. வச்சாங்க பாருங்க ஒரு பொட்டு! மொதல்ல மஞ்சளைக் கொழைச்சு ஆப்பம் அளவுக்கு ஒரு வட்டம். அதுக்கு நடுவுல குங்குமம். பொண்ணு வீடாச்சே, கஞ்சத்தனம் காட்டலாமா? பிளேன்ல போறவன் கூடப் பாக்கலாம் அந்தப் பொட்டை. வச்சுட்டு, புருஷன்கிட்ட சொன்னா சண்டை போடுவாரேன்னு கம்முனு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

குளிச்சுட்டு வந்த மருதப்பன் அலுப்புல நேராப் போயிப் படுத்துட்டாரு. திங்கக்கெழமை விடியக்காலை இருட்டுல, லைட்டு கூடப் போடாம அவசரமா டெம்ப்ளேட்டைத் துணியில சுத்தி பட்டறையில வச்சுட்டு, தெம்பனிஸ் வேலைக்கு ஓடிட்டாரு. அந்த வாரம் பூரா அங்கதான். ஹுவாட் துணியைப் பிரிச்சான். கண்ணு விரிஞ்சு போச்சு. பாஸ் பொண்ணு வீடு, அதான் பொட்டு இவ்வளவு பெருசுன்னு நெனச்சான். ஒரு கும்புடு எக்ஸ்ட்ரா போட்டான். அந்தப் பொட்டு வானத்தைப் பாக்குற மாதிரி வச்சு, கடல் பச்சைக் கல்லை அறுத்துட்டான்.

வியாழக்கெழமை மத்தியானம் ரெண்டு பேருமா கல்லை செங்காங் வீட்டுக்குக் கொண்டாந்து எறக்கினாங்க. நீளக் கல்லை மேடை மேல வச்சாங்க. ஒக்காரல. திருப்பினாங்க. ஒக்காரல. சிங்க்குக்கு வெட்டின ஓட்டை, அடுப்பு வரவேண்டிய எடத்துல வாயைப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு. குட்டைக் கல்லை எடுத்து மூலையில வச்சாங்க. அது அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு நின்னுச்சு. 'ட'வைக் கண்ணாடியில பாத்த மாதிரி.

மருதப்பன் கல்லைப் பாத்தாரு. சுவரைப் பாத்தாரு. "ஹுவாட், என்னடா இது?"

"பாஸ், பொட்டு மேல லா. நீ சொல்லுவே இல்ல, பொட்டு மேல. நான் பொட்டு மேல தான் வச்சேன்."

"காட்டு அந்த டெம்ப்ளேட்டை!"

காட்டினான். ஆப்பம் சைஸ் பொட்டு. மருதப்பன் திருப்பினாரு. சின்னப் பொட்டு. மறுபடி திருப்பினாரு. ஆப்பம். ரெண்டு பக்கமும் வானத்தைப் பாக்குற டெம்ப்ளேட்டை மனுஷன் தன் வாழ்நாள்ல அன்னைக்குத்தான் பாத்தாரு. மோதிர வெரலு ரேகை மஞ்சள்ல அப்படியே பதிஞ்சிருந்துச்சு. அது யாரு வெரலுன்னு கண்டுபுடிக்க போலீஸ் வேணாம்.

ஃபோன் போட்டாரு. "பாக்கியம், டெம்ப்ளேட்டுல பொட்டு வச்சியா?"

"வச்சேன். நீங்கதான் மறந்துட்டீங்களே. ஏன், நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு. ஹுவாட் ரெண்டு தடவை கும்புட்டானாம். ஆனா கல்லு பொறந்ததே எடதுகையாப் பொறந்துருக்கு."

வெவரம் கேட்டதும் "நான் பால் பானையை எடுத்துக்கிட்டு இப்பவே பஸ் புடிச்சு வரேங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. பால் பானை வந்து என்ன பண்ணும்னு மருதப்பனுக்குப் புரியல. பாவம், அவங்களுக்கும் புரிஞ்சிருக்காது.

பட்டறைக்குக் கேட்டா, கடல் பச்சை ஸ்லாப் அடுத்த வாரம்தான் வருமாம். மருதப்பன் கை தானா மீசைக்குப் போச்சு. நாளைக்குக் காலையில கார்டு வந்துரும்.

அப்பத்தான் பக்கத்து வீட்டுக் கதவு தொறந்துச்சு. கதீஜான்னு ஒரு பொண்ணு, அவளும் அவ புருஷன் இர்ஃபானும் அங்க புதுசா வர்றாங்க. சத்தம் கேட்டு எட்டிப் பாத்தா. கல்லைப் பாத்ததும் கண்ணு மின்னுச்சு. "அங்கிள், என்ன கலர் இது! சோ நைஸ்! எங்க மேடைக்கு இன்னும் கல்லே பாக்கல."

ஹுவாட் மண்டையில ஒரு பல்பு எரிஞ்சுது. "பாஸ், பக்கத்து வீடு எல்லாம் திருப்பி கட்டுவான் லா. அங்க வச்சுப் பாரு."

நெசந்தான். ரெண்டு பிளாட்டும் நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணா, கண்ணாடியில பாத்த மாதிரி கட்டினது. கேபினட்டும் ஒரே ஆளு போட்டது. கல்லு வீணாப் போறதுக்கு இது மேல்னு மருதப்பன் தலையை ஆட்டினாரு. கல்லைத் தூக்கிக்கிட்டுப் போயி கதீஜா மேடையில வச்சாங்க. சிங்க் ஓட்டை சிங்க் எடத்துல, அடுப்பு ஓட்டை அடுப்பு எடத்துல. பாக்குறதுக்கு ராஜா மாதிரி ஒக்காந்துச்சு. பின்னாடி மட்டும் சுவரோரமா ஒரு இடுக்கு, பல்லு விழுந்த புள்ள சிரிச்ச மாதிரி.

"சுவரு வேறல்ல, அப்படித்தான் இருக்கும். பேக்ஸ்பிளாஷ் வச்சா தெரியாது, தங்கச்சி"ன்னாரு மருதப்பன்.

"எனக்கு ஓகே அங்கிள்! இருங்க, கீழ போயி உங்களுக்கு டீ வாங்கிட்டு வரேன்"ன்னு கதவைத் தொறந்து போட்டுட்டு அவ ஓடினா.

அவ ஒரு லிஃப்ட்ல கீழ போனா. இன்னொரு லிஃப்ட்ல அந்தோனிப்பிள்ளை மேல வந்தாரு.

மனுஷனுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியல. கல்லு எறங்குதுன்னு மகன் சொன்னதும் கெளம்பிட்டாரு. இந்த வீட்டுக்கு அவரு வந்ததே ஒரே தடவை, அதுவும் கேபினட் வர்றதுக்கு முன்னாடி. லிஃப்ட்டை விட்டு வந்தா, ஒரு வீட்டு வாசல்ல மருதப்பனோட கல்லுத்தூளு படிஞ்ச பூட்ஸு. உள்ள மருதப்பன் கொரலு. வேற என்ன வேணும்? செருப்பைக் கழட்டிட்டு நேரா உள்ள போயிட்டாரு.

"ஆ, சம்பந்தி! கல்லு வந்திட்டுதே! வடிவான பச்சை!"

மருதப்பன் 'இது நம்ம வீடு இல்ல'ன்னு சொல்ல வாயைத் தொறந்தாரு. ஆனா யோசிச்சாரு. அப்ப நம்ம வீடு எதுன்னு கேப்பாரு. அங்க கல்லு எங்கன்னு கேப்பாரு. வாய் பாதி தொறந்தபடியே நின்னுபோச்சு. அதுக்குள்ள அந்தோனிப்பிள்ளை கார்டை எடுத்துட்டாரு.

"சிலிக்கான் இன்னும் பூசேல்லத்தானே? நாளைக்கெண்டு ஏன், இப்பவே பாப்பம்."

மூலையில வச்சாரு. போகல. மருதப்பன் மூச்சு விட்டாரு. கொஞ்சம் தள்ளி வச்சாரு. போகல. 'அட, தப்பிச்சிடுவோம் போலிருக்கே'ன்னு மருதப்பனுக்கு ஒரு நப்பாசை. சிங்க்குக்குப் பின்னாடி வந்துச்சு கார்டு. சரக்குனு உள்ள போச்சு. பாதி இல்லீங்க, முழுக் கார்டும். அந்தோனிப்பிள்ளை வெரலை விட்டு அதைத் திருப்பி எடுக்க வேண்டியதாப் போச்சு.

ஒரு வீட்டுக் கல்லு இன்னொரு வீட்டுக்கு ஒக்காராதுன்னு நாளுக்கு நாப்பது தடவை சொன்ன வாய், இப்ப ஒரு வார்த்தை சொன்னாப் போதும். 'இது பக்கத்து வீடு சம்பந்தி.' மீசை தப்பிச்சிடும்.

ஆனா அதோட நிக்குமா? கல்லு ஏன் திரும்பிப் போச்சும்பாரு. பொட்டு கதை வரும். பாக்கியம் வச்ச ஆப்பப் பொட்டை இந்த மனுஷன் சும்மா விடுவாரா? கல்யாண வீடு, கருமாதி வீடு, பேரப்புள்ள காதுகுத்து வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. பாக்கியலட்சுமியை மருதப்பன் கேலி பண்ணாத நாள் இல்ல. சாம்பார்ல உப்பு, சீரியல் பாத்து அழுகுறது, எதையும் விட்டு வைக்கமாட்டாரு. ஆனா அது அவரு குத்தகைக்கு எடுத்த கேலி. இன்னொருத்தருக்கு வாடகைக்கு விடமாட்டாரு.

மருதப்பன் மீசையை ஒருதரம் கடைசியா நீவி விட்டாரு. "சரி சம்பந்தி. சொன்னது சொன்னதுதான். எடுத்துடுறேன். கத்தரிக்கோல் ஏதாச்சும் இருக்கா பாருங்க."

"பாஸ், கிரைண்டர் இருக்கு லா"ன்னான் ஹுவாட்.

அந்தோனிப்பிள்ளைக்கே மொகம் மாறிப் போச்சு. ஜெயிச்சா துள்ளிக் குதிக்கலாம்னு வந்த மனுஷன், கார்டைக் கையில வச்சுக்கிட்டு, சாவு வீட்டுல நிக்கிற மாதிரி நின்னாரு. "வேண்டாம் சம்பந்தி, கொஞ்சம் கரையில மட்டும் வெட்டினால்..."

"பிச்சை போடாதீங்க சம்பந்தி. எடுத்தா முழுசா எடுக்கணும்."

அந்த நேரம் பாத்து பாக்கியலட்சுமி பால் பானையோட வந்து வாசல்ல நின்னாங்க. "இங்க என்னங்க பண்றீங்க? அங்க யாரும் இல்லன்னு தேடிட்டு வரேன். இது பக்கத்து வீடாச்சே!"

"பாக்கியம், நீ போ. அங்க போயி இரு"ன்னு மருதப்பன் கண்ணைக் காட்டினாரு, மீசையை ஆட்டினாரு, தலையை ஆட்டினாரு. மனுஷன் காவடி ஆடாத கொறைதான்.

"பக்கத்து வீடோ?"ன்னாரு அந்தோனிப்பிள்ளை.

"ஆமாங்கண்ணே. உங்க சம்பந்தி மேல தப்பு இல்ல. நான்தான் தெரியாத்தனமா அந்தப் பக்கமும் ஒரு பொட்டு வச்சுட்டேன். கல்லு திரும்பிப் போச்சு."

முழுக்கதையும் ஒரே மூச்சுல சொல்லிட்டாங்க. ஆப்பம் சைஸைக் கையால வேற காட்டினாங்க. ஹுவாட் சும்மா இருக்கானா, ரெண்டு கும்புடு எப்படிப் போட்டான்னு நடிச்சுக் காட்டினான். அந்தோனிப்பிள்ளை மொதல்ல சிரிப்பை அடக்கினாரு. அப்புறம் முடியல. சிரிச்ச சிரிப்புல சட்டைப் பையிலேருந்து சீப்பு விழுந்துச்சு, பேனா விழுந்துச்சு, மேடையைப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாரு.

கண்ணைத் தொடச்சுக்கிட்டு மருதப்பனைப் பாத்தாரு. "நான்தான் பிழையான வீட்டுக்க பூந்திட்டன். நீங்கள் ஏன் சொல்லேல்ல? மீசை போகுதெண்டு தெரிஞ்சும் வாய் பொத்திக்கொண்டு நிண்டனீங்களே?"

மருதப்பன் விட்டத்தைப் பாத்தாரு. "சுவரு நேரா இருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

பாக்கியலட்சுமி புருஷனை ஒரு பார்வை பாத்தாங்க. பால் பானையை இந்த இடுப்புலேருந்து அந்த இடுப்புக்கு மாத்திக்கிட்டாங்க, அவ்வளவுதான். மருதப்பன் காது மட்டும் செவந்து போச்சு.

கதீஜா டீயோட வந்து பாத்தா, வீட்டுல ஒரு கூட்டமே சிரிச்சுக்கிட்டு நிக்குது. அவளுக்கு ஒண்ணும் புரியல, ஆனா அவளும் சிரிச்சா.

பந்தயம் என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? வெள்ளிக்கிழமை காலையில, சொந்தக்காரங்க முன்னாடி, தாரணி வீட்டு மேடை மேல மருதப்பன் டெம்ப்ளேட்டைக் கொண்டாந்து வச்சாரு. சின்னப் பொட்டு மேல.

"அறுக்குறது மெஷினு. அளக்குறதுதான் நான். என் அளவு இதுதான். விடுங்க உங்க கார்டை."

"கல்லுக்குத்தானே பந்தயம், பலகைக்கு இல்லையே"ன்னாரு அந்தோனிப்பிள்ளை, கிராணி புத்தி போகுமா? ஆனா யோகம் ஒரு மொறை மொறைச்சாங்க. கார்டு வெளிய வந்துச்சு.

மூலையிலேருந்து ஆரம்பிச்சாரு. போகல. சிங்க் வர்ற எடத்துல அழுத்தினாரு. போகல. சஞ்சீவன் அப்பாவுக்கு டார்ச் அடிச்சான், தாரணி அவ அப்பா முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. கடைசி முக்குல கார்டு ஒரு நூலு எறங்குன மாதிரி இருந்துச்சு. எல்லாரும் மூச்சைப் புடிச்சாங்க. அந்தோனிப்பிள்ளை தம் கட்டி அழுத்தினாரு. கார்டு வளைஞ்சுது, மடங்குச்சு, உள்ள மட்டும் போகல. மருதப்பன் மீசை ரெண்டு பக்கமும் அரை இஞ்ச் வளந்ததை அங்க நின்ன அத்தனை பேரும் கண்ணால பாத்தாங்க.

நல்ல நேரத்துல மேடையில ஒரு பலகையைப் போட்டு, கேஸ் அடுப்பு வச்சு, பாலைக் காய்ச்சினாங்க. பொங்கின பொங்குல பால் வழிஞ்சு பலகை, டெம்ப்ளேட்டு, சின்னப் பொட்டு எல்லாத்தையும் நனைச்சுது. "ஹுவாட், நல்லாப் பாத்துக்க. பால் பட்டதுதான் மேல்பக்கம்"ன்னாரு மருதப்பன். அவன் ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டான்.

சாப்பாடு முடிஞ்சுது. தட்டும் டம்ளரும் மலை மாதிரி. அந்தோனிப்பிள்ளை முழுக்கைச் சட்டையை மடிச்சு விட்டுக்கிட்டு வந்தாரு. வந்து பாத்தா, கல்லு இல்லாத மேடையில சிங்க் ஏது? கதீஜாதான் தன் வீட்டு சிங்க்கைக் குடுத்தா. அவளுக்கு அன்னைக்குக் காலையிலதான் கொழாயே மாட்டினாங்க.

மனுஷன் கழுவினாரு. ஒவ்வொரு தட்டு முடிஞ்சதும், பையிலேருந்து அந்த மடங்கின கார்டை எடுத்து, சிங்க்குக்குப் பின்னாடி இடுக்குல ஒருதரம் உள்ள விட்டு எடுப்பாரு. பக்கத்துல தொடச்சு அடுக்கிக்கிட்டு இருந்த மருதப்பன் பல்லைக் கடிச்சாரு.

"சம்பந்தி, அது பக்கத்து வீடு."

"ஓமோம். தெரியும். சும்மா பொழுது போகத்தான்."

பாக்கியலட்சுமி குங்குமமும் பூவும் வச்ச தட்டோட வந்தாங்க. கதீஜா கைய நீட்டி பூவை வாங்கிக்கிட்டா. மத்த எல்லாருக்கும் குங்குமம் குடுத்துட்டுப் புருஷன் கிட்ட வந்து, அவரு நெத்தியில நல்லாப் பெருசா, அதே ஆப்பம் சைஸ்ல ஒண்ணு வச்சாங்க. மருதப்பன் கையில தட்டு இருந்ததால தடுக்க முடியல. வச்சுட்டு, அவரு தோளைப் புடிச்சு மெதுவாத் திருப்பினாங்க. பின்மண்டையில முடி கொட்டி வழுவழுன்னு ஒரு எடம் உண்டு. வெரல்ல மிச்சம் இருந்த குங்குமம் அங்க போகுறதை மருதப்பன் கண்ணாடி ஜன்னல்ல பாத்துட்டாரு.

"அடியே, பின்னாடி வேணாம்டி! ஹுவாட் பாத்தான்னா என்னைக் கவுத்துப் போட்டு அறுத்துருவான்!"